விருந்தினர்க்கு யாது காட்டுவோம்?

பழைய மாணவர் சங்க விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, யாம் இலக்கணம் பற்றியேனும் இலக்கியம் பற்றியேனும் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பர்! ஆயின், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓகஸ்ட் விடுமுறையில், ஒரே பகற்பொழுதில் யாம் கற்ற பாடம் ஒன்று உளது. அதனை எமக்குப் புகட்டியவள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வந்த யாம் அன்று மாணவனானோம். அதனை எம் பழைய மாணவர்களுக்குச் சொல்ல இம்மலரினும் தக்க இடம் வேறில்லை.

எம்மிடம் தமிழ் பயின்று, பின்னர்க் கனடாவிற் குடியேறிய அன்பர் ஒருவர் அவ்வாண்டு ஒரு மடல் விடுத்திருந்தார். "சேர், பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. குடும்பமாக ஊருக்கு வருகிறோம். மாத்தளையில் எதை எதைப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்புவீர்களா?" என்பது அதன் சாரம். மடலோடு அச்சிட்ட ஏடொன்றையும் வைத்திருந்தார். முந்திய கோடையில் அவர்கள் சென்று வந்த மில்வாக்கி என்னும் அமெரிக்க நகரத்து வழிகாட்டி அது. மிச்சிகன் என்னும் பேரேரியின் கரையில் அந்நகரத்தார் 1968ஆம் ஆண்டு முதல் கோடை இசைவிழா எடுத்து வருகின்றனர். விழா நாள்கள், படகுத்துறை, பூங்கா, உணவுக் கடை யாவும் அவ்வேட்டிலே நிரல்பட இருந்தன. ஆண்டிற் பல திங்கள் பனியில் உறைந்து கிடக்கும் நாட்டவர்க்குக் கோடை என்பது கிடைத்தற்கரிய செல்வமன்றோ! அதனை ஒரு நாளும் வீணாக்காது கொண்டாடுகின்றனர்.

எம் ஊருக்குப் பனிக்காலம் இல்லை. மழையும் காற்றுமே எம் பருவங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை எம் மலைகளை நனைக்கும். ஆடி ஆவணியிற் சமவெளி காயும். மலை முகட்டில் காற்று வீசும். வெளிநாட்டார் பெருந்தொகையினராய் வருவது அக்காலத்திலும் உண்டு. ஆகவே எமக்கும் ஒரு கோடை உண்டு என்று துணிந்து, பட்டியல் எழுத அமர்ந்தோம்.

எழுதத் தொடங்கியபோது எமக்கே வியப்பு மேலிட்டது. உலக மரபுரிமைச் சின்னங்களென அறிவிக்கப்பெற்ற சிகிரியாவும் தம்புள்ளைக் குகைக் கோயிலும் எம் மாவட்டத்தன. முன்னது 1982இலும் பின்னது 1991இலும் அச்சிறப்பினைப் பெற்றன. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக அவ்வரிசையிற் சேர்ந்தது. இரத்தோட்டையைக் கடந்து ஏறினால், நிற்பாரைத் தள்ளும் காற்றோடு றிவஸ்டன் முகடு நிற்கின்றது. அதற்கப்பால் பிட்டவல பத்தனைப் புல்வெளியும் சேர எல்ல அருவியும் உள. எல்கடுவையில், தேயிலைத் தோட்டத்து நடுவே, செம்புவத்தை ஏரி கிடக்கின்றது. யானை காண விழைவார்க்கு வஸ்கமுவ வனம் உண்டு. அலுவிகாரையில், 2015இல் மறைந்த ஏனா த சில்வா அம்மையார் கிராமத்துப் பெண்களைக் கொண்டு வளர்த்த பத்திக் துணிக்கலை உண்டு. பெருந்தெருவின் இருமருங்கும் வாசனைப் பயிர்த் தோட்டங்கள் உள. மிளகுக் கொடியையும், கிராம்பு மரத்தையும், சாதிக்காயையும், கொக்கோக் காயையும் கடைச் சரக்காகவே கண்ட பிள்ளைகள் அவற்றைச் செடியிலும் மரத்திலும் காணலாம். அங்கே எண்ணெயும் தூளும் வாங்குவோர் விலையை முன்னரே கேட்டறிந்து வாங்குவாராக.

இப்பட்டியலை அனுப்பினோம். வந்திறங்கிய அன்பர் எம்மையும் உடன் வருமாறு வேண்டினார். விடுமுறையாதலின் இசைந்தோம். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விடியுமுன் புறப்பட்டோம். சிகிரியா மாத்தளையிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர். வெயில் ஏறுமுன் குன்றேற வேண்டும் என்பது எம் கணக்கு. முதலிற் சேய்மையிலுள்ளதைக் கண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஊர் திரும்பி, மாலையில் முத்துமாரியம்மனை வணங்குவது என்று ஒழுங்கு செய்தோம்.

சிகிரியாவில் எம் புலமை சிறகு விரித்தது. காசியப்ப மன்னன் 477 முதல் 495 வரை ஆண்டான். குன்று சூழ்ந்த நிலத்திலிருந்து ஏறத்தாழ 600 அடி எழுந்து நிற்கின்றது. உச்சியில் அரண்மனை, அடியில் நீர்ப் பூங்கா, இடையிற் சிங்கத்தின் கால்கள். கற்குளவி கலையும், கூச்சலிடாது ஏறுக என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, ஓவியப் பெண்டிரையும் காட்டி, கண்ணாடிச் சுவரின் அருகே கொண்டுபோய் நிறுத்தினோம்.

அச்சுவர் எம் உள்ளத்துக்கு மிகவும் உகந்தது. மன்னன் மறைந்து சில நூற்றாண்டுகள் கழிந்தபின், ஓவியங்களைக் காண வந்தவர்கள் தம் வியப்பைப் பாட்டாக்கி அச்சுவரிலே கீறி வைத்தனர். பிக்குகளும் போர்வீரரும் பெண்டிரும் அவர்களுள் இருந்தனர். பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையுள்ளவை. அறிஞர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956இல் நூலாக்கினார். இன்று அச்சுவரில் எழுதுவது குற்றம். அன்று எழுதியவர்களோ மொழிக்குக் கருவூலமாயினர்.

"அப்போ இவர்களும் எங்களைப் போல வந்தவர்கள்தானே? ராஜா இல்லைத்தானே?" என்று கேட்டாள் சிறுமி.

"ஆம், அம்மா. பார்க்க வந்த எளியவர்களே" என்றோம்.

அவள் நெடுநேரம் அச்சுவரையே நோக்கி நின்றாள்.

தம்புள்ளையில் ஐந்து குகைகளையும் கண்டோம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட திருவுருவங்களிடையே திருமாலின் உருவத்தையும் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர். நண்பகல் உணவின் பின், வண்டி தெற்கு நோக்கிப் பெருந்தெருவில் ஓடலாயிற்று. அப்பொழுது அன்பர் தம் மகளிடம், "இந்த றோட்டாலேதான் எங்கட ஆட்கள் நடந்து வந்தவர்கள்" என்றார். சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்து, யார், எப்போது, ஏன் என்று அடுக்கினாள். விடை கூறும் பணி எம்மேல் விழுந்தது.

யாம் அறிந்தவற்றைச் சொன்னோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து, பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிமாரின் பின்னே மக்கள் கடல் கடந்தனர். மன்னார்ப் பக்கத்துக் கரையில் இறங்கி, நீரற்ற காட்டையும் காய்ச்சல் மலிந்த குளக்கரைகளையும் கடந்து, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவை நடந்தே வந்தனர். அவர்கள் கண்ட முதல் மலைநாட்டு நகர் மாத்தளை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. தோட்டத்து விளைபொருளை ஏற்றிச் செல்லவே வந்தது. வடக்கேயிருந்து வந்தவர்கள் அதன் பின்னரும் நடந்தே வந்தனர். தலைமன்னார்ப் புகையிரதமும் தனுஷ்கோடிக் கப்பலும் 1914இல் இணைந்தன. அதற்கு முன்னரே கால்நடைப் பயணம் ஓய்ந்துவிட்டது.

இவ்வளவும் நூலறிவு. சொல்லி முடித்ததும் எம் நாவில் வேறொரு செய்தி வந்து நின்றது. அதனை யாம் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

எம் பாட்டியின் தாயார், எமக்குப் பூட்டி, இத்தெருவில் நடந்து வந்தவர். அப்போது அவருக்கு ஏழெட்டு வயது. தந்தையின் கைப்பற்றி நடந்தாராம். தாயின் இடுப்பில் ஒரு தம்பி இருந்தான். வழியிற் காய்ச்சல் கண்டு அக்குழந்தை மாண்டது. தெருவோரத்து மரத்தடியிலே புதைத்தனர். கூட்டம் நிற்காதாகலின் அன்றே மேலும் நடந்தனர். பின்னாளில் பூட்டி தோட்டத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, தம் மகளுக்கு இதனைச் சொன்னார். அம்மகளாகிய எம் பாட்டி எமக்குச் சொன்னார், ஒருமுறையன்று, பன்முறை. அவ்விடத்தின் பெயரையும் சொன்னார். குழந்தையின் பெயரையும் சொன்னார். நெருப்பருகே அமர்ந்து அவர் சொல்லும்போதெல்லாம் யாம் பரீட்சைப் பாடத்தை மனத்தில் உருவேற்றிக்கொண்டிருந்தோம். "இந்தக் கதை தெரியும் பாட்டி" என்று கூறி எழுந்துபோன நாளும் உண்டு. யாம் ஆசிரியர் கலாசாலை புகுமுன்னரே பாட்டி மறைந்தார்.

இன்று அப்பெயர்கள் இரண்டும் எமக்கு நினைவில்லை. நாவுலவா, நாலந்தாவா, இரண்டுமன்றி வேறோர் அம்பலமா? செய்யுளை மனனம் செய்யாத மாணவனைக் கடிந்துகொள்ளும் எமக்கு, எம் குடியிலே பிறந்து இம்மண்ணிலே முதலிற் புதைந்த குழந்தையின் பெயர் தெரியாது. காசியப்பன் அரசேறிய ஆண்டு தெரியும்.

வண்டியில் எவரும் பேசவில்லை. நாலந்தாக் கெடிகேயில் இறங்கினோம். பல்லவர் காலத் திராவிடக் கட்டடப் பாணியை நினைவூட்டும் அக்கற்கோயில் நீர்க்கரையில் தனித்து நிற்கின்றது. சிலையும் தலமும் பௌத்தத்தைச் சார்ந்தவை. கட்டிய முறையோ தென்னாட்டுக் கோயில்களின் முறை. இரு மரபும் ஒரே கூரையின்கீழ் அமைந்த அரிய இடம் அது. போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அது நீரில் மூழ்காதவாறு, கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து, 1980ஆம் ஆண்டளவில் மேட்டிலே மீண்டும் கட்டி முடித்தனர். கல்லைக் காக்க அத்துணை முயன்றவர்களை யாம் மனமார வாழ்த்தினோம். ஆயினும் அன்று எம் கண் கோயிலை விட்டுத் தெருவோரத்து மரங்களையே நாடிற்று.

மாத்தளையை அணுகுமுன் அலுவிகாரை. இதன் பெருமையைப் பழைய மாணவர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. புத்தபிரானின் போதனைகள் பல தலைமுறையாக வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்தன. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் சூழ்ந்து, ஓதுவார் மாண்டால் ஓத்தும் மாண்டுபோம் என்று அஞ்சிய பிக்குகள் அங்கே கூடி அவற்றை ஓலையில் எழுதினர் என்பது வரலாறு. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விடத்து ஏட்டுத் தொகுதி அழிந்தது. இன்றும் அங்கே ஓலையெழுதுவோர் வருவார்க்கு அக்கலையைச் செய்து காட்டுகின்றனர். எழுத்தாணியாற் கீறும்போது எழுத்து கண்ணுக்குப் புலனாவதில்லை. கரியும் எண்ணெயும் கலந்து தேய்த்துத் துடைத்தபின்னரே கறுத்துத் தோன்றும்.

எழுதுபவர் சிறுமியின் பெயரைக் கேட்டு ஓலையில் எழுதிக் கொடுத்தார். அவள் மகிழ்ந்தாள். பின்னர் ஒன்று கேட்டாள்.

"அப்பா, நடந்து வந்த தாத்தாவின் பெயரையும் ஓர் ஓலையில் எழுதுவோமா?"

அன்பர் எம்மை நோக்கினார். யாம் என் செய்வோம்! தம் பாட்டனாரின் பெயர் வரை அவர் அறிவார், அதற்குமேல் அறியார். உடனே தொலைபேசியை எடுத்து, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் தம் முதிய அத்தையை அழைத்துக் கேட்டார். மறுமுனையில் அம்மூதாட்டி சொன்னது எமக்கும் கேட்டது. "பேரா? நாங்க தாத்தான்னுதானே கூப்பிட்டோம், தம்பி. பேரை யாரு சொன்னா?"

எழுத்தாணி ஏந்திய முதியவர் காத்திருந்தார். யாம் சிங்களத்திற் செய்தியைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, எழுதாத ஓலையொன்றை எடுத்துச் சிறுமியின் கையிற் கொடுத்தார். விலை பெற மறுத்துவிட்டார்.

பொழுது சாயும் வேளையில் நகருக்குள் வந்தோம். முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராசகோபுரம் மாலை வெயிலில் நின்றது. ஆடி வெள்ளியாதலின் பெண்கள் கூட்டம் நிறைந்திருந்தது. மாசி மகத்தில் ஐந்து தேர் வீதிவலம் வரும் காட்சியைக் காணாது போகின்றோமே என்று பிள்ளைகள் ஏங்கினர். அடுத்த முறை மாசியில் வருக என்றோம். 1983இல் இக்கோயில் தீக்கு இரையானதும், பின்னர் மீண்டு எழுந்ததும் எம் தலைமுறையினர் அறிந்தவையே. நெடுவழி நடந்து வந்தோர் மலையேறுமுன் கைகூப்பிய மாரியம்மை அன்றோ இவள்! அவள் முன்னே அச்சிறுமி தன் இரண்டு ஓலைகளையும், எழுதியதையும் எழுதாததையும், கையிலே பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று விருந்தினர்க்கு ஊரைக் காட்டச் சென்றோம். ஊர் எமக்கு எம் குறையைக் காட்டிற்று.

பெயர் எழுதப்படாமை வெறும் மனக்குறை மட்டுமன்று. எம் முன்னோரின் பெயரை எழுதிய ஏடு தோட்டத்துச் செக்ரோல் ஒன்றே. அதுவும் கூலிக் கணக்கிற்காக, எழுதுவோன் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனை நோக்கி, உன் தந்தையேனும், அன்றேல் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்தமையை மெய்ப்பி என்றது. மெய்ப்பிக்கப் பத்திரம் இல்லாதவர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியோர்க்கு முழுத்தீர்வாக ஒரு சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. ஓர் ஓலைத்துண்டின் விலை இத்துணைப் பெரிது.

விடுமுறை கழிந்து கல்லூரி தொடங்கியதும், எம் வகுப்பு மாணவர்க்கு வழக்கமான கட்டுரைத் தலைப்புக்கு மாறாக நான்கு வினாக்களைக் கொடுத்தோம். உம் வீட்டில் மிக மூத்தவரிடம் கேட்டு வருக: முதலில் வந்தவரின் பெயர் யாது? எந்த ஊரிலிருந்து வந்தார்? எவ்வழி வந்தார்? முதலில் எந்தத் தோட்டத்திற் பேர் பதிந்தார்? மறுவாரம் பெரும்பாலோர் வெற்றுத்தாளோடு வந்தனர். கேட்பதற்கு மூத்தவர் இல்லை என்றனர் சிலர். கேட்டபோது பாட்டி அழுதார், ஆதலால் மேலே கேட்கவில்லை என்றான் ஒருவன். சிலரே விடை கொணர்ந்தனர். அவற்றை ஒரு தடித்த கொப்பியில் எழுதினோம். முதற்பக்கத்தில் எம் பூட்டியின் பெயரை எழுதி, அதன்கீழ் அவர் தம்பிக்காக ஒரு வரியை வெறுமையாக விட்டோம். அக்கொப்பியை ஆண்டுதோறும் புதிய வகுப்பாரின் கையிற் கொடுத்து வருகின்றோம்.

அன்பார்ந்த பழைய மாணவர்களே! கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நீவிர் விழாவுக்கும் விடுமுறைக்கும் மாத்தளை வருவீர். சிகிரியாவில் ஏறுக, றிவஸ்டன் காற்றில் நிற்க, மாசியிற் தேர் வடம் பிடிக்க, பிள்ளைகளுக்கு மிளகுக் கொடியைக் காட்டுக. பின்னர், அருள்கூர்ந்து, நம் கல்லூரிக்கும் வருக. வருமுன் உம் இல்லத்து மூத்தவரிடம் அந்நான்கு வினாக்களையும் கேட்டு, விடையைக் கொண்டு வருக. இன்று கேட்கலாம், அடுத்த ஆண்டு கேட்பதற்கு அவர் இல்லாது போகலாம். இதனைப் பட்டறிந்தே சொல்கின்றோம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டி ஒரு கதையை மீண்டும் தொடங்கும்போது, தெரிந்த கதை என்று எழுந்து போகாதீர்கள். எழுதுகோலை எடுத்துக்கொண்டு அருகே அமருங்கள்.

கனடாவிலிருந்து அச்சிறுமி இப்போதும் ஆண்டுக்கொரு மடல் எழுதுகின்றாள். தமிழ் எழுத்து சற்றே கோணலாக இருக்கும்; பொருள் கோணலாக இராது. சென்ற மடலின் இறுதியில் இருந்தது ஒரே வினா: "பெயர் கிடைத்ததா, சேர்?"

இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கின்றோம் என்று விடை எழுதினோம். இம்மலரைப் படிப்போருள் எவரேனும் அவ்விடையை மாற்றி எழுத எமக்குத் துணைபுரிவாராக. நம் கல்லூரி நீடு வாழ்க!